துளைத்த வண்டின் பெயரைச் சொல்லுங்கள்

தேயிலைக் கிளையைத் துளைக்கும் அந்தக் கறுப்பு வண்டை மலையகத்தில் எல்லோரும் ‘ஷொட் ஹோல்’ என்கிறோம். லயத்தில் பேசிக்கொள்ள அது போதும்; ஆய்வுகூடம் தரும் பதிலுக்குப் போதாது. கவ்வாத்து வெட்டுவோரும் சிறுதோட்டக்காரருமாகிய நாங்கள் பயிர்ப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களிடம் கேட்பவை இவை.

கொடுக்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் இனப்பெயரோடு, முப்பது நாளுக்குள், எழுத்தில் பதில் வேண்டும். 1868இல் ஐக்கோஃப் என்ற பூச்சியியலாளர் இலங்கை வண்டு ஒன்றுக்கு ஃபோர்னிகேட்டஸ் என்று பெயரிட்டார். அந்த ஒரு பெயருக்குள் பல இனங்கள் கலந்து கிடந்ததை அண்மைக் கால ஆய்வுகள் பிரித்துக் காட்டிவிட்டன. தேயிலையைத் துளைப்பவை யூவாலேசியா பெர்பிரெவிஸ், யூவாலேசியா ஃபோர்னிகேஷியர். ஃபோர்னிகேட்டஸ் என்பதோ கலிஃபோர்னியாவிலும் தென்னாபிரிக்காவிலும் தெருவோர மரங்களைச் சாகடிக்கும் வண்டு. எது எங்கள் மலையில் இருக்கிறது, பட்டர்ஃப்ரூட் மரத்தில் இருப்பதும் அதுதானா என்று தெரியாமல் எதை வெட்டுவது, எதை விடுவது?

மரபணுச் சோதனை நாட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். வண்டின் நீளம் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். முன்மார்பையும் இறக்கையுறையையும் அளந்தாலும் ஓர் இனத்தின் அளவு மற்றதன் அளவோடு கலந்துவிடுகிறது. கண்ணை நம்பிப் பெயர் எழுத முடியாது. மரபணுச் சோதனைக்கான பிசிஆர் கருவிகள் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. மாதிரியைப் பொறுப்பேற்க ஆளும் செலவுக்கு ஒதுக்கீடும்தான் பாக்கி. இந்தக் கவ்வாத்துக் காலத்துக்கு முன் அதைச் செய்ய என்ன தடை?

கொழுந்து மடுவங்களில் எத்தனோல் ஊற்றிய சிறு போத்தல்களை வையுங்கள். குச்சியைப் பையில் கட்டி நாட்கணக்கில் கிடக்கவிட்டால் வண்டு அழுகி மரபணு சிதைந்துவிடும். பச்சைக் கிளைத்துண்டு ஒன்றும் தனியாகப் போக வேண்டும். புழு தின்பது மரத்தையல்ல, தாய் வண்டு வாயோரப் பையில் சுமந்து வந்து சுரங்கச் சுவரில் வளர்க்கும் பூஞ்சணத்தை. எத்தனோலில் அது செத்துவிடும்.

சோதித்த வண்டைத் தூக்கி எறியக்கூடாது. இதை அழுத்திச் சொல்கிறோம். 2018இல் வந்த ஆய்வு தேயிலை வண்டு ஒன்றுக்கே ஃபோர்னிகேட்டஸ் என்ற பெயரைக் கொடுத்தது. மறுவருடமே, பழைய மூல மாதிரிகளை மீண்டும் பார்த்தபோது, அந்தப் பெயர் தெருவோர மர வண்டுக்குக் கைமாறியது. வண்டு பத்திரமாக இருந்தால் பெயரைத் திருத்தலாம். பதிவேடு மட்டும் இருந்தால் அதில் எழுதியது எந்த வண்டு என்று யாரைக் கேட்பது? தோட்டம், உயரம், மரம், திகதி எழுதிய சீட்டோடு வையுங்கள், கேட்பவருக்குக் காட்டுங்கள்.

தமிழிலும் சிங்களத்திலும் படத்தோடு கையேடும் ஒருநாள் பயிற்சியும் வேண்டும். வெட்டிய கிளையின் உள்ளே வளையமாக ஓடும் கறுத்த சுரங்கத்தை முதலில் பார்ப்பது கத்தி பிடித்தவர்தான். கிளை முறிவதும் அந்த இடத்தில்தான். பயிற்சி நாளுக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், போட வேண்டும். அரைப்பேர் என்ற பேச்சே வேண்டாம்.