மறவாமை என்னும் கோயில்

சென்ற பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், மயிலையில் அறுபத்து மூவர் திருவிழா. வடக்கு மாட வீதியில் ஒரு கடை வாசலில், பிற்பகல் வெயிலில் காத்து நின்றேன். கபாலீசுவரரும் கற்பகாம்பாளும் எழுந்தருள, நாயன்மார்கள் பல்லக்குகளில் பவனி வந்தார்கள். தலைக்கு மேல் உயர்ந்த கைகளில் பெரும்பாலானவை கைப்பேசியை ஏந்தியிருந்தன. என் கையும் அவற்றுள் ஒன்று.

வீடு திரும்பியதும், கண் அறுவைச் சிகிச்சை முடிந்து ஓய்விலிருந்த என் மனைவி, "அம்பாளுக்கு இன்று என்ன நிறப் பட்டு சாத்தியிருந்தார்கள்?" என்று ஆவலோடு கேட்டாள்.

"இரு, படத்தைப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.

சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "நேரில் பார்த்துவிட்டுத்தானே வருகிறீர்கள்?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். அம்பாளின் திருமுகத்தை நெஞ்சில் வாங்கிக்கொள்ளாமல் வந்திருக்கிறேன்.

அன்று வீதியுலா வந்த அறுபத்து மூவருள் ஒருவர் நம் மயிலையிலேயே வாழ்ந்தவர்: வாயிலார் நாயனார். கபாலீசுவரர் கோயிலில் அவருக்குத் தனிச் சந்நிதி உண்டு. மார்கழி ரேவதி அவருடைய குருபூசை நாள். அவர் மௌனமாக இருந்து, மனத்துக்குள்ளேயே இறைவனுக்குக் கோயில் அமைத்து வழிபட்டவர். அந்தக் கோயிலை அவர் எதைக் கொண்டு எழுப்பினார்? சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் சொல்வது, மறவாமையைக் கொண்டு. அங்கே ஞானமே விளக்கு, ஆனந்தமே அபிஷேக நீர், அன்பே நைவேத்தியம்.

நாமோ, நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பையே கைப்பேசியிடம் ஒப்படைத்துவிட்டோம். அதில் ஆயிரம் படங்கள் இருக்கின்றன. மனக்கோயிலுக்கு ஒரு கல்லும் வந்து சேரவில்லை.

2022 டிசம்பரில், திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், கோயில்களின் புனிதம் காக்க உள்ளே கைப்பேசியைத் தடை செய்யுமாறு அறநிலையத் துறைக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. நல்லதுதான். ஆனால் மாட வீதியிலும் நம் வீட்டுப் பூசை அறையிலும் நமக்கு உத்தரவிட யார் இருக்கிறார்கள்? பேரப்பிள்ளைகளைக் கண்டிக்கும் நாமே, விடியற்காலையில் விழித்ததும் சுவாமி படத்தைப் பார்க்கிறோமா, 'வாட்ஸ்அப்'பைப் பார்க்கிறோமா?

இதற்கு நம் பெரியோர் வகுத்த வழி விரதம். உபவாசம் என்ற சொல்லுக்கு 'அருகில் வசித்தல்' என்பது பொருள். உணவை விடுவதன் நோக்கமே இறைவன் அருகில் இருப்பதுதான். கைப்பேசிக்கும் அப்படி ஓர் உபவாசம் இருக்கட்டும். மருந்து வேளையை நினைவூட்டும், வெளிநாட்டிலுள்ள மகளின் குரலைக் கொண்டுவரும் கருவியை வெறுக்க வேண்டியதில்லை. மாதம் இருமுறை வரும் பிரதோஷ வேளையில் மட்டும் அதை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லலாம். தனியாகச் செல்பவர்கள், உடல்நலம் கருதி, ஒலியை அடக்கிப் பைக்குள் வைத்துக்கொள்ளட்டும். திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுச் செல்வதும் நல்லது. தரிசனம் முடிந்து பிராகாரத்தில் சற்றே அமரும் வழக்கம் நமக்கு உண்டல்லவா? அப்போது கண்களை மூடி, கண்ட கோலத்தை அடி முதல் முடி வரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கோயிலுக்கு வர இயலாத ஒருவரிடம் அதை வாயாரச் சொல்லுங்கள்.

அடுத்த பிரதோஷத்தன்று நான் வெறுங்கையோடு சென்றேன். முதலில் கை பரபரத்தது. சட்டைப் பையைப் பலமுறை தடவிக்கொண்டேன். பாலபிஷேகம் தொடங்கியபோது அது மறந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து, நந்தியெம்பெருமானுக்குச் சாத்திய வில்வமாலை முதல், தூணருகே தாத்தாவின் தோளில் உறங்கிய குழந்தை வரை, என் மனைவிக்குச் சொன்னேன். அவள் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் இரு கைகளையும் கூப்பினாள்.

வரும் பிரதோஷத்தன்று நீங்களும் முயன்று பாருங்கள். வாயிலார் நாயனார் துணையிருப்பார்.