கோடு முதலில், பெயர் பிறகு

2025 ஏப்ரல் 16 இரவு மான்ட்ரியலில் கனடாவின் கட்சித் தலைவர்கள் பிரெஞ்சு மொழியில் விவாதிக்க இருந்தார்கள். அழைப்பு ரத்தாகிவிட்டது என்ற தகவல் பசுமைக் கட்சிக்கு அன்று காலையில்தான் போய்ச் சேர்ந்தது. வாக்குப்பதிவுக்கு 12 நாள்தான் பாக்கி. இரண்டு வாரம் முன்பு முறைப்படி அழைக்கப்பட்ட கட்சி அது. இலை போட்டு உட்காரவைத்தவரைச் சோறு வரும் நேரத்தில் எழுப்பி அனுப்பியதைப் போலத்தான்.

இத்தனைக்கும் கனடாவில் விதி இல்லாமல் இல்லை. விவாதத்தை நடத்துவதற்கென்றே 2018-இல் ஓர் ஆணையம் உருவாக்கப்பட்டது. யாரை அழைப்பது என்பதற்கு அது மூன்று அளவுகோல்களை வைத்திருந்தது: நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினராவது இருக்க வேண்டும், கருத்துக்கணிப்புகளில் 4 சதவீத ஆதரவு வேண்டும், 90 சதவீதத் தொகுதிகளில் வேட்பாளர் நிறுத்த வேண்டும். மூன்றில் இரண்டு தேறினால் போதும். பசுமைக் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் இடம் இருந்தது. கணிப்பில் 4 சதவீதத்தை எட்டவில்லை. ஆகவே எல்லாம் வேட்பாளர் எண்ணிக்கையில் வந்து நின்றது. மொத்தம் 343 தொகுதிகள். 90 சதவீதம் என்றால் 309. தேர்தலுக்கு 28 நாள் முன்பு கட்சி கொடுத்த பட்டியலில் 343 தொகுதிக்கும் பெயர் இருந்தது. மனுத்தாக்கல் முடிந்தபோது களத்தில் இருந்தவர்கள் 232 பேர். சில தொகுதிகளில் கட்சி தானாகவே, தேர்தல் உத்தியாக, போட்டியிடாமல் ஒதுங்கியிருந்தது. அதையே காரணமாகக் காட்டி ஆணையம் அழைப்பைத் திரும்பப் பெற்றது.

விதிப்படி பார்த்தால் ஆணையத்தின் வாதத்தில் நியாயம் உண்டு. பிழை வேறு இடத்தில் இருக்கிறது. மனுத்தாக்கல் ஏப்ரல் 7-இல் முடிந்தது. எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது அதன்பின்தான் யாருக்கும் உறுதியாகத் தெரியும். ஆணையமோ அதற்கு ஒரு வாரம் முன்பே, கட்சி எழுதிக் கொடுத்ததை வைத்துத் தகுதி வழங்கிவிட்டது. சரிபார்க்கும் நாள் எது, தேறாவிட்டால் என்ன செய்வது என்பதை ஒரு வரியில் எழுதி வைத்திருந்தால் கடைசி நாள் காலைக்கு வேலையே இருந்திருக்காது.

தேர்தல் நிகழ்ச்சிகளைத் திட்டமிடும் நமக்கு இது அயலூர்ச் செய்தி அல்ல. எல்லாரையும் மேடையேற்ற முடியாது என்பது நமக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்தில் பத்துப் பேரை உட்காரவைத்தால், விளம்பரமும் நெறியாளரின் கேள்வியும் போக, ஆளுக்குப் பத்து நிமிடம்கூடத் தேறாது. கோடு எங்கோ போட்டுத்தான் ஆக வேண்டும். அதை 5 சதவீதத்தில் போடுவதா 15 சதவீதத்தில் போடுவதா என்று நாம் சண்டை போடுகிறோம். நம் கருத்து, அந்த எண்ணைவிட அது எப்போது எழுதப்பட்டது என்பதே முக்கியம். பெயர்கள் தெரிவதற்கு முன் எழுதினால் அது விதி. பெயர்களைப் பார்த்துவிட்டு எழுதினால், எவ்வளவு நல்ல எண்ணாக இருந்தாலும், அது சலுகை அல்லது தண்டனை.

எழுதாமலே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் சாட்சி. 1992-இல் அங்கே மூன்றாவது நாடாளுமன்றத் தொகுதியில் ரால்ஃப் ஃபோர்ப்ஸ் என்பவர் சுயேச்சையாக நின்றார். மாநில அரசின் தொலைக்காட்சி அவரை விவாதத்துக்கு அழைக்கவில்லை. வெல்லும் வாய்ப்பு இல்லாதவர் என்பது அதன் ஊழியர்களின் கணிப்பு. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. கருத்துக்காக அவரை ஒதுக்கவில்லை, ஆதரவு குறைவு என்பதற்காகவே ஒதுக்கினார்கள் என்று கூறி 1998-இல் ஆறு நீதிபதிகள் தொலைக்காட்சியின் பக்கம் நின்றார்கள். மாறுபட்ட மூவரின் சார்பில் எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் ஒரு விவரத்தை எடுத்துக்காட்டினார். அதே ஃபோர்ப்ஸ் 1990-இல் துணை ஆளுநர் பதவிக்கான குடியரசுக் கட்சியின் உட்தேர்தலில் நின்றபோது, இந்தத் தொகுதியின் 16 கவுண்டிகளில் 15-இல் முதலிடம் பிடித்தவர். 'இவர் தேறமாட்டார்' என்று செய்தி அறையில் ஒருவர் சொல்வது அனுபவ ஞானமாகவும் இருக்கலாம், வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். எழுதி வைத்த அளவுகோல் இல்லாதபோது எது எதுவென்று பிரித்தறிய வழியில்லை. வழக்கில் வென்றதை நடைமுறைக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அளவுகோல் இருக்கிறது, ஆனால் அது கணிப்பு ஒன்றுதான் என்றால் இன்னொரு சிக்கல். அமெரிக்க அதிபர் விவாத ஆணையம் 2000 முதல் 15 சதவீதம் கேட்டது. ஆயிரம் பேரிடம் எடுக்கும் கணிப்பில் 15 என்பது கிட்டத்தட்ட 13-ஆகவும் இருக்கலாம், 17-ஆகவும் இருக்கலாம். கேள்வியில் ஒரு வேட்பாளரின் பெயரே இல்லையென்றால் பதிலில் எப்படி வரும்? இதற்கெல்லாம் மேல், ஆதரவு விவாதத்தால் வளரவும் செய்யும். 1992-இல் சுயேச்சை அதிபர் வேட்பாளர் ராஸ் பெரோ விவாதங்களுக்கு முன் ஒற்றை இலக்கத்தில் இருந்தார். மேடையேறியபின் தேர்தலில் சுமார் 19 சதவீத வாக்கு வாங்கினார். 1996-இல் அவரை அழைக்கவில்லை. சுமார் 8 சதவீதத்தோடு நின்றார். மினசோட்டாவில் 1998 ஆளுநர் தேர்தலில் ஜெஸ்ஸி வென்ச்சுரா செப்டம்பர் மாதக் கணிப்பில் 10 சதவீத அளவில்தான் இருந்தார். 15 கேட்டிருந்தால் வாசலிலேயே நின்றிருப்பார். மேடையில் இடம் கிடைத்தது. நவம்பரில் 37 சதவீதம் பெற்று ஆளுநரானார். மேடையேறினால் எல்லாரும் வெல்வார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. மேடை விளைவிக்கக்கூடிய ஒன்றையே மேடைக்கு முன்நிபந்தனையாகக் கேட்கிறோம் என்பதுதான் பொருள்.

நல்லெண்ணத்தோடு நடுவில் விதியை மாற்றுவதிலும் ஆபத்து உண்டு. 2019 டிசம்பரில் கோரி புக்கர் முன்னின்று, அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் ஒன்பது அதிபர் வேட்பாளர்கள் விவாதத்துக்கான தகுதி வரம்பைத் தளர்த்தக் கேட்டார்கள். கட்சித் தலைமை மறுத்தது. புக்கர் ஜனவரியில் போட்டியிலிருந்து விலகினார். அதே ஜனவரி முடிவதற்குள் நன்கொடையாளர் எண்ணிக்கை என்ற நிபந்தனையைத் தலைமை நீக்கியது. சொந்தப் பணத்தில் களமிறங்கி, நன்கொடையே வாங்காத மைக்கேல் புளூம்பெர்க் பிப்ரவரி 19 விவாதத்தில் மேடையேறினார். தலைமை தன் தரப்புக் காரணத்தைச் சொன்னது; அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் முன்பு வெளியே நின்றவர்களிடம் அது எடுபடுமா?

'அவர் வந்தால் நாங்கள் வரமாட்டோம்' என்ற வாக்கியம் நம் கெஸ்ட் கோ-ஆர்டினேட்டர்களுக்குப் புதிதல்ல. 1980-இல் ஜிம்மி கார்ட்டர் சுயேச்சை வேட்பாளர் ஜான் ஆண்டர்சனோடு மேடையேற மறுத்தார். நடத்திய பெண் வாக்காளர் சங்கம் மசியவில்லை. ரீகனையும் ஆண்டர்சனையும் வைத்து விவாதத்தை நடத்தியது. 2008-இல் கனடாவின் ஒளிபரப்பாளர்கள் எதிர்ப்புக்குப் பணிந்து பசுமைக் கட்சித் தலைவர் எலிசபெத் மேயை முதலில் விட்டுவிட்டார்கள். மக்கள் கொதித்த பிறகு சேர்த்தார்கள். மறுப்பவரின் நாற்காலியைக் காலியாக வைத்து நிகழ்ச்சியை நடத்தும் துணிவு இல்லாதவர்களுக்கு அளவுகோல் இருந்தும் பயனில்லை.

நம் நாட்டில் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் கட்சிகளுக்குத் தேர்தல் நேரம் ஒதுக்கும் முறை 1998 முதல் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குச் சமமான அடிப்படை நேரம், முந்தைய தேர்தலில் வாங்கிய வாக்குக்கேற்பக் கூடுதல் நேரம், நாளும் நேரமும் குலுக்கலில். புதிய கட்சிக்கு இதில் இடமில்லை என்பது பெரிய குறை. ஆனாலும் யாருக்கு எவ்வளவு, ஏன் என்று எவரும் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தனியார் சேனல்களின் மாலை நேர விவாதங்களில் அந்த அளவுகூட இல்லை.

அடுத்த தேர்தலுக்கு முன் ஒவ்வொரு செய்தி அறையும் ஒரு பக்கம் எழுதி வெளியிடலாம். முந்தைய வாக்கு, சட்டமன்ற இடம், நிறுத்தும் வேட்பாளர் எண்ணிக்கை, கணிப்பு என்று பல வாசல்கள் வையுங்கள். எத்தனை தேற வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். எந்த நிறுவனங்களின் கணிப்பு, எந்தத் தேதிவரை என்பதையும் எழுதுங்கள். கணிப்பின் பிழை வரம்புக்குள் வருபவரை உள்ளே விடுங்கள். தொடக்க விவாதங்களில் வரம்பு தாழ்வாகவும் கடைசி விவாதத்தில் உயர்வாகவும் இருக்கட்டும். மனு திரும்பப் பெறும் நாள் முடிந்தபின் சரிபார்த்து, முறையிட மூன்று நாளாவது கொடுங்கள். வெளியே நிற்பவருக்குக் காரணத்தை எழுத்தில் தெரிவித்து, அதே வாரத்தில் தனிப் பேட்டிக்கு நேரம் ஒதுக்குங்கள். அந்தப் பக்கத்தில் ஆசிரியர் கையெழுத்திடும் நாள், வேட்பாளர் பட்டியல் வெளிவரும் நாளுக்கு முந்தையதாக இருக்க வேண்டும்.