வக்கீல் கையில் நம் பணம்

விபத்தில் கால் இழந்தவருக்கு நஷ்ட ஈடு வருகிறது. வீடு வாங்க முன்பணம் கட்டுகிறோம். இரண்டுமே பெரும்பாலும் வக்கீல் ஆபீஸ் வழியாகத்தான் போகின்றன. அந்தப் பணம் வக்கீலுடையது அல்ல. கட்சிக்காரர் பணத்துக்கென்று பேங்கில் தனியாக வைத்துள்ள கணக்கில்தான் அவர் அதைப் போட வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1990-ஆம் ஆண்டின் கணக்கு விதிகள் இப்படித்தான் சொல்கின்றன.

"செக் வந்துவிட்டதா?" என்று எப்போது கேட்டாலும், "அடுத்த மாதம் வாருங்கள்" என்றே பதில் வருகிறதா? படித்தவர் ஆயிற்றே என்று வாய் பொத்தி நிற்க வேண்டாம். கணக்கை எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால், வழக்கறிஞர் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்துக்கு எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். குற்றம் நிரூபணமானால் வாரியம் கண்டிக்கலாம், அபராதம் போடலாம், ஐந்து ஆண்டு வரை தொழில் செய்யத் தடை விதிக்கலாம், வக்கீல் பட்டியலிலிருந்து பெயரையே நீக்கலாம்.

ஆனால், பெயரை நீக்கினால் மட்டும் பணம் வீடு வந்து சேராது. அதற்கு வேறு வாசல் உண்டு. 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 80-ஆம் பிரிவு, வக்கீல்கள் ஆண்டுதோறும் பணம் கட்டும் இழப்பீட்டு நிதியைப் பற்றிச் சொல்கிறது. வக்கீலின் மோசடியால் பணம் இழந்தவர், அந்த நிதியிலிருந்து உதவி கேட்டு வழக்கறிஞர் மன்றத்துக்கு மனுச் செய்யலாம். கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது என்பது மன்றத்தின் முடிவு. போலீசிலும் புகார் செய்யுங்கள்.

எங்கே போனாலும் ஆதாரம் கேட்பார்கள். ஆகவே, ரசீது வாங்காமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். படித்த பிள்ளையிடம் காட்டிக் கேளுங்கள். ரசீதுகளைப் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள்.