கட்டுத்தறிக்கும் ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும்

தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்களுக்கு அக்கம்பக்கம் என்பதே அரை மைலுக்கு அப்பால்தான். இரவு பத்து மணிக்குக் கறவை மாட்டின் இடப்பக்க வயிறு உப்பி, அது மூச்சுவாங்கி நின்றால், நம் கையில் இருப்பது டார்ச் விளக்கும் பதற்றமும் மட்டுமே. மருத்துவர் வந்து சேரும் வரையுள்ள அந்த ஒரு மணி நேரத்தில் பல உயிர்கள் போய்விடுகின்றன.

பம்புசெட்டுக்கு ஃபியூஸ் கம்பியும் ஸ்பேனரும் எடுத்து வைத்திருக்கிறோம். காங்கேயம் காளைக்கும் பட்டி ஆட்டுக்கும் காவல் நாய்க்கும் ஒரு மருந்துப் பெட்டி வைத்திருக்கிறோமா?

'பெட்டி வைத்தால் ஆளாளுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்' என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அதில் நியாயம் இருக்கிறது. ஆகவே எதை வைப்பது என்பதைப் போலவே, எதை வைக்கக்கூடாது என்பதும் முக்கியம்.

பெட்டியில் பஞ்சு, காஸ் துணி, கட்டுத்துணி, கத்தரிக்கோல், போவிடோன் அயோடின், சோப்பு, ரப்பர் கையுறை, வெப்பமானி ஆகியவை இருக்கட்டும். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் மாட்டுக்குச் சுமார் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பான வெப்பம். ஆட்டுக்கு ஒரு டிகிரி கூடுதலாக இருக்கும். இந்த அளவைப் போனில் சொன்னாலே மருத்துவருக்குப் பாதி விவரம் தெரிந்துவிடும்.

வயிறு உப்புசத்துக்குக் கால் லிட்டர் கடலை எண்ணெய் தனியே இருக்கட்டும். மாட்டை மேட்டில் முன்கால் இருக்கும்படி நிறுத்தி, எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். ஆட்டுக்கு 50 மில்லி போதும். நாக்கை இழுத்துப் பிடித்து ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். படுத்துவிட்ட மாட்டுக்கு எதையும் ஊற்றக்கூடாது.

நாய்க்காக ஒரு முழத் துணி நாடா வேண்டும். அடிபட்ட நாய் வலியில் வளர்த்தவரையே கடிக்கும். வாயைக் கட்டிவிட்டுத்தான் காயத்தைத் தொட வேண்டும். வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் வாயைக் கட்டக்கூடாது. வெறிநாய் மாட்டைக் கடித்தால், கையுறை அணிந்து, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். எச்சில் ஒழுக்கும் மாட்டின் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறதென்று வெறுங்கையை விடுவது பேராபத்து. அது வெறிநோயாகவும் இருக்கலாம்.

இனி, வைக்கக்கூடாதவை. நாம் விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம். டைக்ளோஃபினாக் ஊசியைக் கால்நடைகளுக்குப் போடுவது 2006-லேயே தடை செய்யப்பட்டது. அந்த ஊசி போட்டு இறந்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. தமிழ்நாட்டில் எஞ்சியிருக்கும் பிணந்தின்னிக் கழுகுகள், நமக்கு வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் முக்கியமாக வாழ்கின்றன. 2023-ல் கீட்டோபுரோஃபனும் அசிக்ளோஃபினாக்கும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. ஆகவே வலி மருந்தும் ஊசியும் நம் பெட்டிக்கு வேண்டாம். அவை மருத்துவர் கைக்கு உரியவை.

பெட்டியால் ஆகாத காரியங்களும் உண்டு. மழையில்லாமல் வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்த மாடு, அதிலுள்ள சயனைடு நஞ்சால் சில நிமிடங்களில்கூட விழுந்துவிடும். மருத்துவர் நரம்பில் போடும் மாற்று மருந்தே அதற்கு வழி. வாடிய இளம் பயிரில் மாட்டை விடாமலிருப்பதே நம்மால் ஆகும் முதலுதவி. பாம்புக்கடிக்கும் அப்படியே, கீறுவதும் உறிஞ்சுவதும் வீண் வேலை. ஓட்டாமல் ஒரே இடத்தில் நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். எனவே பெட்டியின் மூடியில் கால்நடை மருத்துவரின் எண்ணையும், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

இப்பெட்டியை ஒவ்வொரு பால் கூட்டுறவுச் சங்கமும் வாங்கிக் கொடுத்து, விலையைப் பால் பணத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளலாம் என்பது நம் யோசனை. மாட்டுத்தீவனத்தைக் கடனாகக் கொடுக்க முடியுமானால், இதைக் கொடுப்பது பெரிய காரியமல்ல. சங்கக் கட்டடத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் மருத்துவரை வரவழைத்து, பெட்டியைப் பயன்படுத்தும் முறையைப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டும். கட்டுத்தறியில் மாட்டின் முகம் வாடியதை முதலில் காண்பவர்கள் அவர்கள்தானே!