கூப்பிட்டால் வராத நாய்

"நாய் நன்றியுள்ள பிராணி" என்பது, பள்ளிக்கூடத்தில் நாம் எழுதிய வியாசத்தின் முதல் வாக்கியம். "அதற்கு நான்கு கால்கள் உண்டு" என்பது இரண்டாவது வாக்கியம். இரண்டாவது வாக்கியத்தைப் பற்றி எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. முதல் வாக்கியத்தைப் பற்றித்தான் சற்றுப் பேச வேண்டியிருக்கிறது.

நன்றி என்று எதைச் சொன்னோம்? சோறு போட்டவன் பின்னால் வாலை ஆட்டிக்கொண்டு போவது. உட்காரச் சொன்னால் உட்காருவது. பந்தை எறிந்தால் ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வருவது. இந்த இலக்கணப்படி பார்த்தால், புதுச்சேரியைச் சேர்ந்த வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலே திரியும் கிராமத்து நாய்களில் பெரும்பாலானவை நன்றி கெட்டவை என்றே தீர்ப்புச் சொல்ல வேண்டிவரும். அந்தப் பக்கத்து நாய் பந்தைப் பார்த்தால், "எறிந்தவர் நீர்தானே? நீரே போய் எடுத்துக்கொள்ளும்" என்கிற பாவனையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆயினும் அந்தத் தீர்ப்பு நியாயமல்ல என்பது என் அபிப்பிராயம்.

வில்லியனூரிலே திருக்காமீசுவரர் கோயில் தேரடியில் சற்று நேரம் நின்று பாருங்கள். அல்லது பாகூர் ஏரிக் கரையோரமாக, நெல் வயல்களுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் நடுவே நடந்து பாருங்கள். நாய் ஒன்று எதிர்ப்படும். செம்மண் நிறம், நிமிர்ந்த காது, வளைந்த வால். காலையில் ஒரு வீட்டு வாசலில் பழைய சோறு, பத்து மணிக்கு டீக்கடையில் ரொட்டித் துண்டு, மத்தியானம் மீன்காரி மீன் ஆயும் இடத்தில் நிதானமான ஒரு காவல். இரவானால் மோட்டார் கொட்டகையின் திண்ணை. "இது யார் நாய்?" என்று கேட்டால் மூன்று வீட்டார் "எங்கள் நாய்" என்பார்கள். நாயைக் கேட்க முடியுமானால், "இந்த மூன்று வீட்டாரும் என் மனிதர்கள்" என்று சொல்லுமோ என்னமோ!

இந்தப் பிரதேசத்தின் அமைப்பும் அந்த நாய்களின் சுபாவத்துக்கு ஏற்றதுதான். ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி. அந்தப் பக்கம் கடலூர் ஜில்லா. நாலு வயல் தள்ளினால் மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்த எல்லையில் சுங்கச் சாவடிகள் இருந்தன. மனிதர்கள் மூட்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டுத் தாண்டினார்கள். நாய்கள் அந்த எல்லையை ஒருநாளும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. 1954-ம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி வில்லியனூருக்கு மேற்கே கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, அவர்களில் 170 பேர் இந்தியாவோடு சேருவதென்று வாக்களித்தார்கள். நாய்கள் அதற்கு வெகு காலம் முன்பே அந்த முடிவுக்கு வந்துவிட்டிருந்தன.

பாகூர்ப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த உழவர் ஒருவர் இருக்கிறார். அறுபது வயது தாண்டியவர். அவரோடு ஒரு நாய் இருக்கிறது. "அவர் ஒரு நாய் வளர்க்கிறார்" என்று சொல்லத் துணிய மாட்டேன். பெயர் மணி. (தமிழ்நாட்டு நாய்களில் பாதிக்கு மணி என்றுதான் பெயர், ஆகையால் யாருடைய அந்தரங்கத்தையும் வெளியிட்டுவிட்டதாக ஆகாது.) நான் போயிருந்தபோது அவர், "மணி, வா!" என்றார். மணி தலையைத் தூக்கிப் பார்த்தது. யோசித்தது. மறுபடியும் தலையைக் கீழே வைத்துக்கொண்டது.

"வராதுங்க. வரணும்னு அதுக்குத் தோணினால்தான் வரும்" என்றார் பெரியவர். வருத்தமாக அல்ல, கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் வரும் முறையானால், அவர் மடை திறக்க வயலுக்குப் போவார். அப்போது மணியை அவர் கூப்பிடுவதில்லை. அதுவே எழுந்து பத்தடி முன்னால் போகும். வரப்பில் பாம்பு கிடந்தால் நின்று உறுமும். வெறுமனே காற்று வாங்கப் போகிற நாட்களில் கூப்பிட்டாலும் வராது. எந்த நடை வேலைக்கானது, எந்த நடை வீண் என்று அதற்கு எப்படித் தெரிகிறது என்பது பெரியவருக்கே விளங்கவில்லை.

கூப்பிட்டால் வராத நாய் எதற்கு என்று பட்டணத்து வாசகர்கள் கேட்கலாம். தர்மபுத்திரர் அப்படிக் கேட்கவில்லை. மகாபாரதத்தின் முடிவில் பாண்டவர்கள் மகாபிரஸ்தானம் புறப்படுகிறபோது ஒரு நாய் கூடவே போகிறது. அதை யாரும் அழைத்துக்கொண்டு போகவில்லை. கயிறு கட்டி இழுக்கவும் இல்லை. அதுவாக வந்தது. திரௌபதி விழுந்தாள், தம்பிமார் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள், நாய் மட்டும் நடந்துகொண்டே இருந்தது. இந்திரன் ரதத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, நாயை விட்டுவிட்டு ஏறச் சொன்னபோது தர்மர் மறுத்துவிட்டார். தானாக வந்ததைத் தள்ளிவிட்டுப் போவது அதர்மம் என்பது அவர் கட்சி.

இது புராணம் என்பவர்களுக்குக் கல்லையே காட்டலாம். பாகூருக்குத் தெற்கே ஓடிக் கடலில் கலக்கிறதே தென்பெண்ணை, அதன் வழியே மேற்கு நோக்கிப் போனால் திருவண்ணாமலை ஜில்லாவில் செங்கம் வட்டாரம் வருகிறது. அங்கே எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனுடைய முப்பத்து நான்காவது ஆட்சியாண்டு, அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவகத்தி என்னும் வீரன் எருமை மந்தையைக் காக்கப் போய் உயிர் விட்டான் என்று அதில் எழுதியிருக்கிறது. வீரனுடைய உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயின் உருவம். நாய்க்கும் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கோவிவன் என்பது அதன் பெயர். திருடர் இருவரைக் கடித்து, காவலாக நின்றது என்பது சமாசாரம்.

இந்தக் கல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் "ஆகா, என்ன விசுவாசம்!" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த இடத்தை மனக்கண்ணால் பாருங்கள். எஜமானன் விழுந்து கிடக்கிறான். "பிடி" என்று சொல்ல ஆள் இல்லை. "போதும், வா" என்று சொல்லவும் ஆள் இல்லை. எதிரே ஆயுதபாணிகளான திருடர்கள். கட்டளைக்கு மட்டும் பழகிய நாயாயிருந்தால் அந்த க்ஷணத்தில் என்ன செய்வதென்று அறியாமல் திகைத்திருக்கும். கோவிவன் திகைக்கவில்லை. கடிப்பது, நிற்பது என்ற இரண்டையும் அதுவே தீர்மானித்துச் செய்தது. அதனால்தான் ஊரார் அதற்குப் பெயரும் கல்லும் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இதே மகேந்திரவர்மன் மத்தவிலாசப் பிரஹசனம் என்று சம்ஸ்கிருதத்தில் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினான். அதில் ஒரு காபாலிகனுடைய மண்டையோட்டுப் பாத்திரம் காணாமற்போகிறது. உள்ளே வறுத்த மாமிசம் இருந்ததுதான் விபரீதத்துக்குக் காரணம். காபாலிகன் பௌத்த பிக்ஷுவின் மேல் சந்தேகப்பட்டுக் காஞ்சீபுரத்து வீதியில் பெரிய ரகளை செய்கிறான். கடைசியில் பார்த்தால், பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்! மன்னன் எழுதிய நாடகத்தில் நாய் திருடியது. அவன் காலத்துக் கல்லிலே நாய் திருடனைக் கடித்தது. மீன்காரியின் கூடையருகே காலையில் நிற்கும் மணியையும், இரவு வரப்பிலே நடக்கும் மணியையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு இதில் முரண்பாடு எதுவும் தோன்றாது.

இன்னொரு கல் கர்நாடகத்தைச் சேர்ந்தது. ஆனால் பாகூருக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. 949-ம் ஆண்டில் தக்கோலத்தில் பெரும் போர் நடந்தது. சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே மாண்டான். வென்றது இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுடைய சேனை. அந்தப் போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பவனைப் பார்த்து, "வேண்டியதைக் கேள்" என்று தலைவன் சொன்னபோது, அவன் காளி என்ற நாயைக் கேட்டானாம். பின்னர் பேளத்தூர்க் குன்றில் ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு காளி சண்டையிட்டு, பன்றியும் நாயும் ஒருசேர மடிந்தன. மணலேரன் மண்டியா ஜில்லா ஆதகூரில் அதற்குக் கல் நாட்டி, நிலமும் விட்டான். கல்லுக்குப் பூஜை செய்யாமல் பூசாரி சாப்பிடக்கூடாது என்று நிபந்தனை வேறு! அந்தக் கல் இப்போது பெங்களூர் மியூசியத்தில் இருக்கிறது. வென்ற அரசனோ கன்னரதேவன் என்ற பெயரில் பாகூர் மூலநாதர் கோயில் கல்வெட்டுகளில் இருக்கிறான். அதே கோயில் மதிலின் நிழலில் மத்தியானத்தில் நாலைந்து நாய்கள் படுத்துத் தூங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

பழங்கதை போதும், விஞ்ஞானம் என்ன சொல்கிறது? வங்காளத்தில், கல்கத்தாவில் உள்ள இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தில் அனிந்திதா பத்ரா என்னும் அம்மையாரும் அவருடைய மாணவர்களும் பல வருஷங்களாகத் தெருநாய்களை ஆராய்ந்து வருகிறார்கள். பங்களா நாய்களை அல்ல, சாக்ஷாத் தெருநாய்களை! ஒரு பரீட்சையில், இரண்டு கிண்ணங்களை வைத்துவிட்டு ஒரு மனிதர் ஒன்றை விரலால் சுட்டிக் காட்டுவார். குட்டிகள் விரல் காட்டிய பக்கமே போயின. வளர்ந்த நாய்களோ அந்த மனிதர் மெய் சொல்கிறாரா என்று கவனித்தன. விரல் காட்டிய கிண்ணத்தில் தீனி இருந்தால் அவரைப் பின்பற்றின. ஏமாற்றினால் அடுத்த முறை அந்த விரலை நம்பவில்லை. இது 2017-ல் வெளியான ஆராய்ச்சி. அதே வருஷம் வெளியான இன்னொன்றில், முன்பின் தெரியாத மனிதர் தீனி மட்டும் போட்டுக்கொண்டிருப்பதைக் காட்டிலும், அவர் அன்போடு தடவிக் கொடுப்பதே தெருநாயின் நம்பிக்கையை அதிகம் சம்பாதிக்கிறது என்று கண்டார்கள். பாரதியார் புதுச்சேரியில் வாசம் செய்த நாளில் எழுதிய பாப்பா பாட்டிலே நாயை மனிதனுடைய தோழன் என்றார்; வேலைக்காரன் என்று சொல்லவில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் தோழமையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, வெறிநாய்க்கடியைப் பற்றிப் பேசாமல் போவது பொறுப்பற்ற காரியம். வீதியில் இஷ்டம்போல் திரிகிற நாயினால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வியாதியின் குறிகள் ஒரு முறை தோன்றிவிட்டால் பிறகு மனிதனைக் காப்பாற்றுவது ஏறக்குறைய அசாத்தியம். குறிகள் தோன்றுமுன் தடுப்பதோ முற்றிலும் சாத்தியம். பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் 1885-லேயே அதற்கு வழி காட்டிவிட்டார். குன்னூரில் அவர் பெயரால் 1907-ல் ஒரு நிலையமும் ஏற்பட்டது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற நீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி முதலியவற்றை அப்பக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், சொன்ன தவணைகளில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். புண் ஆறிவிட்டதென்று நடுவில் நிறுத்திவிடக்கூடாது.

நான் சொன்ன பெரியவரின் பேரனை ஒரு நாள் அயலூர் நாய் ஒன்று காலில் கடித்துவிட்டது. பையனுக்கு உடனே எல்லாம் ஒழுங்காகச் செய்தார்கள். அவன் சௌக்கியமாக இருக்கிறான். ஆனால் வீட்டிலே பெண்டுகள் பயந்துவிட்டார்கள். "இனிமேல் மணியைக் கட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்றாள் மருமகள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. குழந்தையைப் பெற்றவள் அவள் அல்லவா?

பெரியவர் கட்டித்தான் பார்த்தார். மணி குரைக்கவில்லை, சங்கிலியை இழுக்கவும் இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது. இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மருமகளே வந்து அவிழ்த்துவிட்டாள். "இது இங்கேயே திரியட்டும், மாமா. ஆனால் ஊசி போட்டாக வேண்டும்" என்றாள். இவ்வளவு தெளிவான தீர்ப்பை நான் வெகு நாளாகக் கேட்டதில்லை. 2023-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் செய்த விதிகளும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன: தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பு ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும் என்று. காகிதத்தில் இருக்கும் இந்த விதி கிராமம்தோறும் நடைமுறைக்கு வந்தால், மருமகள்களும் மணிகளும் சமாதானமாக வாழ்வதற்கு இடமுண்டு.

சில நாட்களுக்கெல்லாம் பக்கத்து ஊரில் மாட்டு வைத்தியர்கள் தடுப்பூசி முகாம் போட்டார்கள். பெரியவர் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கயிற்றைக் கண்டதும் மணி கரும்புத் தோட்டத்துக்குள் மறைந்துவிட்டது. ஒரு மணி நேரம் தேடினார், கூப்பிட்டார், கெஞ்சினார். பிறகு கயிற்றை வீட்டிலேயே போட்டுவிட்டுத் தனியாக நடந்துபோய், முகாமில் போட்டிருந்த பெஞ்சியில் உட்கார்ந்தார். வைத்தியர், "நாய் எங்கே, பெரியவரே?" என்று கேட்டார். "வந்தால் வரும், ஐயா" என்றார் இவர்.

அரை மணி கழித்து மணி வந்தது. கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்தது. அவர் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டேயிருக்க, வைத்தியர் ஊசியைப் போட்டார். மணி அவர் முகத்தை ஒரு முறை பார்த்தது. எழுந்து, எல்லைக்கு அப்பால் கடலூர்ப் பக்கமாகப் போய்விட்டது. இரண்டு நாள் ஆளைக் காணோம்.

மூன்றாம் நாள் இரவு அவர் மடை திறக்கப் போனபோது, வரப்பின் மேல் அது ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததாம்.