எலியின் கடைசி நாட்கள்
வளர்ப்பு எலியின் ஆயுள் இரண்டு ஆண்டு, மிஞ்சினால் மூன்று. அதன் முடிவில் பெரும்பாலும் ஒரு நோய் வந்துவிடும்: மைக்கோபிளாஸ்மா கிருமி தாக்கிய நுரையீரல், பெண் எலிக்கு மார்புக் கட்டி, மூளையடியில் பிட்யூட்டரி கட்டி. கருணைக்கொலை எப்போது என்பதை நோயின் பெயரை வைத்து முடிவுசெய்ய முடியாது. பெரிய கட்டியோடும் நன்றாகத் தின்று ஓடியாடும் எலிகள் உண்டு. மற்ற விலங்குகளுக்கு இரையாகும் இனம் என்பதால் எலி வலியை மறைத்துக்கொள்ளும். சத்தமில்லை என்பதால் நலம் என்று எண்ணிவிடக் கூடாது. முகத்தைப் பார்க்க வேண்டும். இடுங்கிய கண், தட்டையான மூக்கும் கன்னமும், உள்நோக்கிச் சுருண்ட காது ஆகியவை வலியின் அடையாளங்கள் என்கிறது 2011இல் வெளியான எலி முகபாவ அளவுகோல். கண்ணோரம் படியும் சிவப்புக் கசிவு ரத்தமல்ல, போர்ஃபைரின் என்ற நிறமி; துடைத்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லாத எலியிடம் அது அப்படியே காய்ந்திருக்கும். பிட்யூட்டரி கட்டி முற்றியதும் முன்னங்கால்கள் ஒரு பட்டாணியைக்கூடப் பிடிக்காமல் நழுவவிடும். சமையலறைத் தராசில் தினமும் எடை பார்த்துக் குறித்துவைத்தால், கண்ணுக்குத் தெரியாத மெலிவும் தெரிந்துவிடும். எலி மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. அது வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மருந்துக்கும் அந்தத் தவிப்பு அடங்காவிட்டால், நாளைக்குத் தள்ளிப்போடுவது வளர்ப்பவரின் மனதுக்காகத்தான், எலிக்காக அல்ல. மயக்க வாயு கொடுத்து, நினைவு தப்பிய பிறகே மருத்துவர் பென்டோபார்பிட்டல் ஊசி போடுவது நல்ல முறை.