டிஸ்க் கையில் இருக்கிறது, ஆட்டம் எங்கே?

2013 ஜூனில் சோனி நிறுவனம் அரை நிமிடம்கூட நீளாத ஒரு வீடியோவை வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 4 கேம் ஒன்றை நண்பருக்கு இரவல் தருவது எப்படி என்று அது சொல்லிக்கொடுத்தது. ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார்; பக்கத்தில் நிற்பவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். பாடம் முடிந்தது.

அந்தச் சின்ன வீடியோவை ஆட்டக்காரர்கள் கொண்டாடியதற்குக் காரணம் உண்டு. மைக்ரோசாஃப்ட் அப்போது அறிமுகப்படுத்தியிருந்த எக்ஸ்பாக்ஸ் ஒன், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்டியாக வேண்டும். வாங்கிய கேமை இரவல் தரவும் விற்கவும் பல கட்டுப்பாடுகள். எதிர்ப்பு வலுத்தது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

ஒவ்வொரு புதிய கன்சோலும் வரும்போது 4கே காட்சி, ரே டிரேசிங், கண் இமைக்கும் நேரத்தில் லோட் ஆகும் வேகம் என்று விளம்பரங்கள் அடுக்குகின்றன. அவற்றை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆட்டக்காரர்கள் திரண்டு குரல் கொடுத்த இடங்களைப் பார்த்தால், அவர்கள் கேட்பது இதைவிட எளிமையானது: காசு கொடுத்து வாங்கிய பொருள் முழுசாக இருக்க வேண்டும், சொன்னபடி ஓட வேண்டும், நாளைக்கும் தங்களிடம் இருக்க வேண்டும்.

முழுசாக இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை 2017 நவம்பரில் ஈஏ நிறுவனம் கண்டது. அதன் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2' கேமின் விலை 60 டாலர். அதை வாங்கியவர்களும் டார்த் வேடராக ஆட 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டியிருந்தது. பல நாள் விளையாடிச் சேர்க்கலாம். அல்லது மேலும் பணம் கட்டி, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத லூட் பாக்ஸ்களை வாங்கி வேகமாக முன்னேறலாம். இதற்கு ரெடிட் தளத்தில் ஈஏ கொடுத்த விளக்கத்துக்கு 6 லட்சத்துக்கும் அதிகமான எதிர்வாக்குகள் விழுந்து, கின்னஸ் சாதனையானது. வெளியீட்டுக்கு முன்பே லூட் பாக்ஸ்களைப் பணத்துக்கு விற்பது நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பெல்ஜியம், வேறு சில கேம்களின் லூட் பாக்ஸ்களைச் சூதாட்டம் என்றே அறிவித்தது.

சொன்னபடி ஓடாததற்கு 'சைபர்பங்க் 2077' சாட்சி. 2020 டிசம்பர் 10 அன்று வெளியான அந்த கேம், பழைய கன்சோல்களில் திக்கித் திணறியது. ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. மறுபடி அது கடைக்கு வர ஆறு மாதம் ஆயிற்று.

மூன்றாவதுதான் மிகவும் வலிப்பது. யுபிசாஃப்ட் நிறுவனத்தின் கார் பந்தய கேம் 'தி க்ரூ' 2014-இல் வந்தது. அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை தன்னந்தனியாகக் கார் ஓட்டிப் போகலாம். ஆனால் அந்தத் தனிமைப் பயணத்துக்கும் நிறுவனத்தின் சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அன்றோடு டிஸ்க் வெறும் தட்டாகிப் போனது. இதிலிருந்து பிறந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் மனுவில் ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள்.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் உண்டு. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' கேமை உருவாக்கச் சுமார் 22 கோடி டாலர் செலவானது அமெரிக்க நீதிமன்ற ஆவணத்தில் வெளிவந்தது. சர்வரை நடத்தவும் பணம் வேண்டும். யாரும் அதைக் காலமெல்லாம் நடத்தச் சொல்லவில்லை. ஆனால் செலவு கூடியதால் விலையும் கூடிவிட்டதே. இந்தியாவில் புதிய பிளேஸ்டேஷன் 5 கேம் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுப்பவர், அது எத்தனை நாளைக்கு என்று கேட்பதில் என்ன தவறு?

நேர்மையாகச் செய்தால் ஆதரவு குறைவதில்லை. ஆட்டத்துக்குள் கூடுதல் வசூல் ஏதும் இல்லாமல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3', 2023-இன் சிறந்த கேமுக்கான விருதுகளை அள்ளியது. அதே ஆண்டு கன்சோல்களுக்கும் வந்த 'வெண்பா', கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தியின் கதை. சிதைந்துபோன சமையல் குறிப்புகளை ஆட்டக்காரரே புரிந்துகொண்டு சமைக்க வேண்டும். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனாலும் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது 2024-இல் அதற்குத்தான் கிடைத்தது. கேம் சின்னது, குறை வைக்காதது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. எதுவரை சர்வர் இயங்கும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடலாம். சர்வரை மூடும் நாளில் இணையம் இல்லாமல் ஆடும் வழியைத் திறந்துவிடலாம். எதிர்ப்புக்குப் பிறகு யுபிசாஃப்டே 'தி க்ரூ' வரிசையின் அடுத்த இரண்டு கேம்களுக்கு அப்படியொரு வசதி தருவதாக 2024-இல் அறிவித்தது. முதல் கேமை வாங்கியவர்களின் அலமாரியில் டிஸ்க் இன்னும் இருக்கிறது. அதையும் ஓட வைக்கட்டும்.